ஈரப்பதம்

செப்டம்பரில் சிலிலாபொம்ப்வேயில்
மழை என்பது பழைய கடன் மாதிரி,
யாரும் பேச்செடுப்பதில்லை.
தவளை கத்தும் இடம் என்று ஊருக்குப் பெயர்.
தவளைகள் மண்ணுக்கடியில்.
எடைமேடையில் ஏறும் லாரியின்
தார்ப்பாய் இடுக்கிலிருந்து
செம்புத் தாதுப் பொடி புகையாய்க் கிளம்பி
என் தேநீரில் படியும்.
சீட்டில் மட்டும்
ஈரம் பதினான்கு சதவீதம்.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன்:
தண்ணீருக்கு வரி கிடையாது.
முப்பது டன் லாரியில்
நாலு டன் தண்ணீர் என்று எழுதிவிட்டால்
நாலு டன் செம்பு
தண்ணீராகவே எல்லை தாண்டிவிடும்.
அப்படி எத்தனை வருடம் ஓடிய ஆறோ,
எங்கள் தெருக்குழாய்ப் பக்கம்
எட்டிக்கூடப் பார்த்ததில்லை.
செம்பு விளையும் ஊரில்
சமையல் எண்ணெய் வந்த மஞ்சள் கேனில்தான்
தண்ணீர் பிடிக்கிறோம்.

எனக்கு முன் இந்த நாற்காலியில்
முத்தாலே கசோண்டே.
சிரிப்பு சிக்கனம்.
உலர்த்தும் அடுப்பு ஒன்று
நான்கு வருடமாய்ப் பெட்டி பிரிக்காமல் கிடந்தது,
அதன்மேல்தான் எல்லோரும் சாப்பாட்டுப் பை வைப்பது.
அவள் பிரித்தாள்.
பிளக் பொருந்தவில்லை.
தன் காசில் மாற்றினாள்.
ஒரு கைப்பிடித் தாது, நூற்றைந்து டிகிரி, ஒரு ராத்திரி.
விடிந்ததும் நிறுத்தாள்: மூன்று சதவீதம்.
அடுத்த லாரி, மூன்றே கால்.
இப்படி நாற்பத்தொரு லாரி.

லுசாகாவிலிருந்து காகிதம் வந்தது.
பதவி உயர்வு.
ம்புலுங்கு ஏரிக்கரையில் கருவாடு நிறுக்க.
அங்கே ஈரம் பார்க்க நிறைய வேலை இருக்கும் என்று
சிரித்தார்கள். கேட்டு நானும் சிரித்தேன்.
புறங்கை நக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றுதான்
என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

அவள் போகுமுன் யாரோடும் சண்டை போடவில்லை.
நாற்பத்தொரு சீட்டையும் பின்குத்தி
தணிக்கை அலுவலகத்துக்கு ஒரு மனு:
படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்.
மூன்று வருடம் மேசை மேசையாய்த் தூங்கி
ஏதோ ஒரு கமிட்டியில்
மதியச் சாப்பாட்டுக்குப் பின்
யாரோ கொட்டாவி விட்டபடி கையெழுத்திட்டிருக்க வேண்டும்.
கட்டம் வந்துவிட்டது.

அடுப்புச் சீட்டின் எண்,
எங்கள் ஆள் ஒரு கையெழுத்து, சுரங்கத்து ஆள் ஒன்று,
நகராட்சிப் பலகையில் ஒரு நகல்.
இல்லையென்றால் கேட் பாஸ் அச்சாகாது.

நானும் எவ்வளவோ பார்த்தேன்.
வெறுமையாய் விட்டேன், நகரவில்லை.
பதினான்கு போட்டேன்,
அடுப்புச் சீட்டு எங்கே என்றது இயந்திரம்.
சுரங்கத்துக்காரன் உறையோடு வந்தான்.
வாங்கி என்ன செய்வது?
மைதா உருண்டை பொரித்து விற்கும் பனா சிஷிம்பாகூட
பலகையில் விரல் வைத்து வரிவரியாய்ப் படிக்கிறாள்.
உறையைத் திருப்பிக் கொடுத்தேன்.
அன்று ராத்திரி முழுக்க
அதன் கனத்தை நிறுத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

என்னை நல்லவன் என்று ஊரில் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.
கூச்சமாக இருக்கிறது.
என் நெஞ்சில் ஈரம் எத்தனை சதவீதம் என்று
யாரும் அடுப்பில் வைத்துப் பார்க்கவில்லை.
நான் சோம்பேறி.
ஐந்து மணிக்கு வீடு போய்ச் சேர வேண்டும்.
உண்மையை எழுதுவதுதான் இப்போது
சீக்கிரம் முடிகிற வேலை.

தெருக்குழாயில் தண்ணீர் வந்ததா என்றால்,
இன்னும் இல்லை.
பணம் ஒதுக்கிவிட்டார்களாம்.
பள்ளம் தோண்டியாகிவிட்டது.
நேற்று குழாய்கள் வந்து இறங்கின.
பழக்கதோஷம், எண்ணிப் பார்த்தேன்.
ரசீதில் அறுபது.
தரையில் ஐம்பத்திரண்டு.

அந்த ரசீதில் எண்ணியவர் கையெழுத்துக்கு
கட்டமே இல்லை.
கொஞ்ச நேரம் நின்றேன்.
ஐந்தடித்தது.
வீட்டுக்குப் போனேன்.